நம் மனுவில் குண்டாஸ் எதற்கு?

போடியில் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். முந்தல் தாண்டி, போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஓர் அக்கா, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, மஞ்சப்பையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு என்னைத் தேடி வந்தார். மகன் மீது குண்டாஸ். "ஜாமீன் கெடச்சுரும்னு வக்கீல் சொன்னாரும்மா. அப்பறம் எதுக்கு இதப் போட்டாங்க?"

ஜாமீன் கிடைத்துவிடும் என்பதால்தான் போட்டார்கள். உத்தரவிலேயே அப்படித்தான் எழுதியிருந்தது.

தோழர்களே, குண்டர் சட்டம் என்று நாம் சொல்வது தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆவது சட்டம். கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ கையெழுத்துப் போட்டால் விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை, 12 மாதம் வரை உள்ளே. அதைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை கிடையாது. சாதாரணச் சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக் காவல் கூடாது என்று 2011-இல் ரேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது தமிழ்நாட்டு வழக்கு, இதே சட்டம். ஹைகோர்ட்டும் ரத்து செய்யத்தான் செய்கிறது. ஆனால் ஆட்கொணர்வு மனு விசாரணைக்கு வருவதற்குள் பையன் பல மாதம் சிறையில் கழித்திருப்பான்.

இதில் நம் பங்கும் இருக்கிறது. ஒவ்வொரு வன்கொடுமைக்குப் பிறகும் நாம் கொடுக்கும் மனுவைப் பாருங்கள்: "குற்றவாளிகளைக் குண்டர் சட்டத்தில் அடை." நானும் எழுதியிருக்கிறேன், போஸ்டரும் ஒட்டியிருக்கிறேன். 1989 கலவரத்தைப் பார்த்த ஊர் இது. அந்தக் கோபம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தக் கையெழுத்தைப் போடும் அதிகாரம் சேரியையும் ஊரையும் ஒரே கண்ணால் பார்க்கிறதா? 2017-இல் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த மாணவி வளர்மதி மீதும், மெரினாவில் நினைவேந்தல் நடத்தப் போன திருமுருகன் காந்தி மீதும் பாய்ந்தது இதே சட்டம்தான்.

நம் கையில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதில் முன்ஜாமீனுக்குத் தடை உண்டு, சிறப்பு நீதிமன்றம் உண்டு, கடமை தவறும் அரசு ஊழியருக்குத் தண்டனையும் உண்டு. அதை நடத்த வைப்பது பெரும்பாடு. குண்டாஸ் கேட்பது சுலபம். "அதான் குண்டாஸ் போட்டாச்சே" என்று நம்மைச் சமாதானப்படுத்திவிட்டு, சார்ஜ் ஷீட்டை இழுத்தடிக்க அவர்களுக்கும் வசதி.

தடுப்புக் காவலுக்கு இடம் தரும் 22-ஆவது பிரிவை 1949 செப்டம்பரில் அரசமைப்பு அவையில் முன்வைத்தவர் அண்ணல் அம்பேத்கர்தான். மறைக்க வேண்டியதில்லை. 21-ஆவது பிரிவில் கைவிடப்பட்ட பாதுகாப்பில் கொஞ்சமாவது மீட்கலாம் என்பது அவர் கணக்கு. அறிவுரைக் கழகத்தின் ஒப்புதல் இல்லாமல் ஒருவரை அடைத்து வைக்கும் காலத்தை 3 மாதத்திலிருந்து 2 மாதமாக 1978-இன் 44-ஆவது திருத்தம் குறைத்தது. பார்லிமென்ட் நிறைவேற்றிய அந்தப் பகுதியை இன்றுவரை எந்த ஒன்றிய அரசும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. இதில் மட்டும் எல்லாக் கட்சியும் ஒற்றுமை.

வக்கீலுக்கு உரிமை இல்லாத அந்தக் கழகத்தில், வக்கீல் அல்லாத நண்பர் ஒருவர் உதவிக்கு வரலாம் என்று ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சோசியாலஜி படித்தவர்கூடப் போகலாம். தமிழ் மொழிபெயர்ப்பு தராத பக்கம் எது, படிக்கவே முடியாத நகல் எது, எந்தத் தேதி இடிக்கிறது என்று குறிக்கத் தெரிந்தால் போதும். அந்த அக்காவின் மகனுக்கு நான் போகிறேன். இன்னும் பாதிக் காகிதம் பார்க்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வர முடிந்தவர்கள் வாருங்கள்.