லாரி டிரைவருக்கும் ஒரு ராத்திரி உண்டு

அமெரிக்காவில் பிக்கப் வண்டியில் கூண்டு கட்டி, மேலே சோலார் தகடு வைத்து ஊர் சுற்றுகிறார்கள். நம்ம லாரி டிரைவர்கள் பிழைப்புக்காக வண்டியிலேயே தூங்குகிறார்கள். அவர்களுக்கு அது வேண்டாமா?

2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் கேபின் ஏ.சி. கட்டாயம். இன்ஜினை அணைத்தால் அதுவும் நின்றுவிடும்.

கணக்குப் போடுங்கள் நண்பர்களே! 15 வாட் ஃபேன் 8 மணி நேரம் ஓட 120 வாட்-மணி. தனியாக வைக்கும் 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 480. பாதி எடுத்தாலே தாராளம். பகல் வெயிலில் 50 வாட் தகடு எடுத்ததை நிரப்பிவிடும். ஸ்டார்ட்டிங் பேட்டரியைத் தொடவே வேண்டாம்.

எங்க அப்பாவும் லாரிதான் ஓட்டுகிறார். வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். கடையில் வாங்கிய மாடலை இறுதியாண்டு புராஜெக்ட் என்று காட்டுவதைவிட, ஒரு லாரிக்கு இதைப் பொருத்திக் கொடுப்போமே!