திகனவில் தண்ணீர் எத்தனை பாகையில் கொதிக்கும்?

தண்ணீரின் கொதிநிலையைக் கேட்டால் நம் பிள்ளைகள் யோசிக்காமல் 100 பாகை செல்சியஸ் என்பார்கள். மத்திய மாகாணத்தின் திகனவில் கேத்தலை அடுப்பேற்றி வெப்பமானியை விட்டுப் பார்த்தால் அது 99ஐக்கூட எட்டாது. அருகிலுள்ள விக்டோரியா நீர்த்தேக்கம் நிரம்பி நிற்கையில் அதன் நீர்மட்டமே கடல் மட்டத்திலிருந்து 438 மீற்றர். திகன அதற்கும் மேலே. உயரம் கூடக் கூட வளியமுக்கம் குறையும். அமுக்கம் குறைந்தால் தண்ணீர் முந்திக் கொதிக்கும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும்.

ஆனால் கண்டதை எழுதும் பிள்ளைக்குப் பிழையும், காணாததை ஒப்பிக்கும் பிள்ளைக்குப் புள்ளியும் கிடைக்கிறது. விஞ்ஞானப் பாடத்தில் இதைவிடப் பெரிய அநியாயம் வேண்டுமா?

வெப்பமானி பிழையாய் இருக்கலாமே என்பார்கள். இருக்கலாம். அதையும் பிள்ளைகளே சோதிக்கட்டும். உருகும் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே அதை வைத்தால் பூச்சியம் காட்ட வேண்டும். ஐஸின் உருகுநிலை மலையேறினாலும் ஏறக்குறைய மாறுவதில்லை. அளவுகோலை 1742இல் வகுத்த அன்டர்ஸ் செல்சியஸே கொதிநிலை வளியமுக்கத்தோடு மாறுவதைக் கவனித்தவர்தான். நமது வினாத்தாள்தான் அதை மறந்துவிட்டது.

இன்னொன்று. கேத்தல் மூக்கிலிருந்து வெள்ளையாகக் கிளம்புவதை நீராவி, அதாவது வாயு, என்று வகுப்பில் காட்டுகிறோம். நீராவி கண்ணுக்குத் தெரியாது. மூக்கின் வாயோரம் வெறுமையாகத் தெரியும் சிறு இடைவெளியில்தான் அது இருக்கிறது. வெள்ளையாகத் தெரிவது குளிர்ந்து திரும்பவும் திரவமான நுண்துளிகள். விக்டோரியா நீர்ப்பரப்பில் விடியற்காலையில் படியும் பனிமூட்டமும் திரவமே. திண்மம், திரவம், வாயு என்று மூன்று படங்களுக்குப் பெயரெழுத வைப்பதால் இது ஒருநாளும் விளங்காது.

தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகள் பலவற்றில் ஆய்வுகூடமும் இல்லை, விஞ்ஞான ஆசிரியரும் போதாது என்பது பழைய முறைப்பாடு, நியாயமானதும்கூட. ஆனால் இந்தப் பாடத்துக்கு ஆய்வுகூடம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு வெப்பமானி, ஒரு கேத்தல், கொஞ்சம் ஐஸ் போதும். கொதிநீரை ஆசிரியர் கையாளட்டும், வாசிப்பைப் பிள்ளைகள் குறிக்கட்டும்.

மத்திய மாகாணக் கல்வித் திணைக்களம் பாடசாலைக்கொரு வெப்பமானியை உறுதிசெய்ய வேண்டும். பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் அளந்து எழுதிய விடைக்குப் புள்ளி வழங்க வேண்டும். வினாத்தாள் தயாரிப்போர் கொதிநிலையைக் கேட்கும்போது ‘கடல் மட்டத்தில்’ என்ற சொற்களைச் சேர்க்க வேண்டும். அதுவரை, 98 என்று எழுதும் திகனப் பிள்ளைக்கு, ஆசிரியர்களே, சரி போடுங்கள்.