பூட்டிய பூக்கடை

'பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?' என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. வாசனை இருந்தால் ஜனங்கள் தாமே தேடி வருவார்களாம். வரவில்லையென்றால் பூவில் வாசனை இல்லையாம். கடையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனவனைப் பற்றி மட்டும் இவர்கள் வாய் திறப்பதில்லை.

அமெரிக்காவில், டென்னஸி மாநிலத்து மெம்பிஸ் நகரில், 'பிக் ஸ்டார்' என்று நால்வர் கொண்ட ஒரு ராக் குழு இருந்தது. பெயர் ஆடம்பரமாகத் தோன்றும். அவர்கள் பாடிப் பதிவு செய்த ஸ்டூடியோவுக்கு எதிரே இருந்த மளிகைக் கடையின் பெயர்தான் அது! அவர்களுடைய முதல் மூன்று இசைத்தட்டுகளையும் அண்மையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு முடித்தேன். ராக் என்றாலே காதைக் கிழிக்கும் இரைச்சல் என்று எண்ணும் நண்பர்கள் முதல் தட்டில் 'தேர்ட்டீன்' என்ற பாட்டை ஒரு தரம் கேட்க வேண்டும். கிடாரும் மெல்லிய குரல்களும். பதின்மூன்று வயதுக் காதலின் கூச்சம் முழுவதும் மூன்று நிமிஷத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு நல்ல சிறுகதைக்கு உள்ள அடக்கம் அது.

இத்தகைய பாட்டை ஜனங்கள் ஏன் ஒதுக்கினார்கள் என்று கேட்பீர்கள். ஒதுக்கவே இல்லை, ஐயா! அவர்கள் கண்ணில் அது படவே இல்லை. 1972-இல் 'நம்பர் ஒன் ரெக்கார்ட்' என்ற அந்த முதல் தட்டு வெளிவந்தபோது பத்திரிகைகள் புகழ்ந்தன. புகழ்ச்சியைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனவனுக்குத் தட்டு கிடைக்கவில்லை. விநியோகிக்க வேண்டிய ஸ்டாக்ஸ் கம்பெனியால் அதை ஒழுங்காக அனுப்ப முடியவில்லை. பிறகு கொலம்பியா என்ற பெரிய கம்பெனியின் கைக்கு விநியோகம் போயிற்று. பழைய விநியோகஸ்தர்களோடு அதற்குச் சம்பந்தம் வேண்டியிருக்கவில்லை. கடைகளில் கிடந்த பிரதிகள்கூடத் திரும்பிப் போயின. 10,000 பிரதிகள்கூட விற்கவில்லை. 1974-இல் வந்த 'ரேடியோ சிட்டி'க்கும் ஏறக்குறைய இதே கதிதான். அதே வருஷம் பதிவான மூன்றாவது தட்டு, 1978 வரை வெளிச்சத்தையே காணவில்லை. எதிர்வரிசை மளிகைக் கடையில் உப்பும் புளியும் அடுக்கில் இருந்தன. அதன் பெயரைத் தாங்கிய பாட்டுக்கு மட்டும் அடுக்கில் இடமில்லை.

இதில் ஜனங்களின் ரசனையைக் குறை கூற என்ன இருக்கிறது? வழக்கே கோர்ட்டுக்கு வராதபோது தோற்றான் என்று எப்படிச் சொல்வது?

'காலம் நல்லதைக் காப்பாற்றிவிட்டதே' என்று இன்னொரு சாரார் சமாதானம் சொல்லுவார்கள். காலத்துக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. காப்பாற்றியவர்கள் மனிதர்கள்! கிடைத்த பிரதியைக் கைக்குக் கை மாற்றிக் கேட்ட இளைஞர்கள். 1986-இல் 'பாங்கிள்ஸ்' குழுவினர் 'ரேடியோ சிட்டி'யிலிருந்து ஒரு பாட்டை எடுத்துப் பாடினார்கள். 1987-இல் 'ரீப்ளேஸ்மெண்ட்ஸ்' குழுவினர், பிக் ஸ்டாரின் பாடகர் அலெக்ஸ் சில்ட்டனின் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டுக் கட்டினார்கள். அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னர்தான் சில்ட்டன் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

சில்ட்டனாவது இருந்து பார்த்தார், 2010-இல்தான் காலமானார். முதல் தட்டின் உயிரான கிறிஸ் பெல்லுக்கு அதுவும் வாய்க்கவில்லை. அந்தத் தட்டின் தோல்வியால் மனம் முறிந்து குழுவைவிட்டு வெளியேறியவர் அவர். தம் பெயரில் அவர் உயிரோடு கண்டது இரண்டே பாட்டுகள் கொண்ட ஒரு சிறு தட்டு. 1978 டிசம்பரில், இருபத்தேழு வயதில், மோட்டார் விபத்தில் மாண்டார். மற்றப் பாட்டுகளைச் சேர்த்து முழுத் தொகுப்பாக வெளியிட்டது 1992-இல். யாருக்கு லாபம்? கேட்கிற நமக்கு. பாடியவனுக்கு?

இன்னும் சில ரசிகர்கள் இருக்கிறார்கள். 'யாருக்கும் தெரியாத குழு' என்பதிலேயே அவர்களுக்குப் பரமானந்தம். பத்துப் பேருக்குத் தெரிந்துவிட்டால் ருசி போய்விடும். கடையைப் பூட்டிய வியாபாரிக்கும் இவர்களுக்கும் என்ன பேதம்? இருவர் இடுப்பிலும் சாவி தொங்குகிறது.

கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் வாசகர்களுக்கு ஒன்று சொல்லுவேன். உங்களுக்குப் பிடித்த பாட்டையோ புத்தகத்தையோ காலத்தின் பொறுப்பில் விட்டுவிடாதீர்கள். இன்றைக்கே நாலு பேரிடம் சொல்லுங்கள். முடிந்தால், செய்தவனிடமும் சொல்லுங்கள். அவன் காது கேட்கிறபோதே சொல்லுங்கள்.