பிடித்த வரி யாருக்கு? கேட்டு வாங்குங்கள்!

ஆம்பூர் ஷூ கம்பெனியில் மூன்று வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்த ஒரு அக்கா என்று வைத்துக்கொள்வோம். மாமியாருக்கு உடம்பு சரியில்லை. வேலையை விட்டார். பி.எப். பணத்துக்கு எழுதிப் போட்டார். கணக்கில் இருந்தது ரூ.60 ஆயிரம். கைக்கு வந்தது ரூ.54 ஆயிரம். மீதி ஆறாயிரம் எங்கே?

வரி! ஐந்து வருஷ சர்வீஸ் முடியும் முன்பு பி.எப். பணத்தை மொத்தமாக எடுத்தால், 2015 ஜூன் 1 முதல் வரி பிடிக்கிறார்கள். ரூ.50 ஆயிரத்துக்குக் குறைந்தால் பிடித்தம் இல்லை. அதற்கு மேல் 10 சதவீதம். பான் நம்பர் கொடுக்காவிட்டால் 20 சதவீதம்.

வேடிக்கை என்னவென்றால், அந்த அக்கா வரி கட்ட வேண்டியவரே அல்ல. 2025-26 நிதியாண்டில் புதிய முறைப்படி ரூ.4 லட்சம் வரை வரியே கிடையாது. தையல் மெஷின்காரிக்கு ஏது நாலு லட்சம்?

அந்த ஆறாயிரத்தைத் திரும்ப வாங்கலாம். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். கம்பெனி போட்ட பங்கையும் அதன் வட்டியையும் சம்பளத்தில் காட்டவேண்டும். தன் பங்குக்கு வந்த வட்டி, இதர வருமானம். பிடித்த வரியையும் குறித்தால் பணம் பாங்கிக்கு வந்துவிடும். "நமக்கு எதுக்குப்பா இன்கம்டாக்ஸ்?" என்று சும்மா இருந்தால் ஆறாயிரம் சர்க்காருக்கு!

இதைவிட நல்ல வழியும் உண்டு. வரி வராதவர்கள் பணம் எடுக்கும்போதே உறுதிமொழிப் படிவம் கொடுத்தால் பிடித்தம் இல்லை. மறுபடி வேலைக்குப் போகிறவர்கள் பணத்தை எடுக்காமல் புதுக் கம்பெனிக்கு மாற்றினால் பழைய சர்வீசும் சேரும். ஐந்து வருஷம் தாண்டினால் வரிப் பேச்சே இல்லை. உடல்நலக் குறைவால் வேலை போனாலும், கம்பெனியே மூடினாலும் விலக்கு உண்டு.

பி.எப். பணம் ஏழைக்கு எவ்வளவு பெரிது என்பதை 2016 ஏப்ரலில் பெங்களூர் காட்டியது. பணம் எடுக்கக் கட்டுப்பாடு என்றதும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தார்கள். 19-ந் தேதி மத்திய அரசு உத்தரவை வாபஸ் வாங்கியது.

நம் ஊரில் மறியல் வேண்டாம். ஒரு துண்டுச் சீட்டு போதும். மாதாமாதம் சம்பளத்தில் பி.எப். பிடிக்கத் தெரிந்த கம்பெனிகள், வேலையை விடும் நாளில் இந்த விவரத்தைத் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுக்கட்டும். வேலூர் பி.எப். ஆபீசும் வாசலில் ஒரு போர்டு எழுதி வைக்கட்டும்.

உழைத்த பணம். ஆறாயிரம் என்றாலும் விடக்கூடாது!