ஊசி போட்ட தர்பூசணியும் ஒரு பாட்டில் கலரும்

2025 கோடை. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல தர்பூசணி வண்டி போட்டிருந்த அக்கா ஒருத்தங்க, யாரும் கேக்காமலேயே ஒரு கீத்தை டிஷ்யூ பேப்பர்ல ஒத்தி ஒத்திக் காட்டிட்டு இருந்தாங்க. "பாருங்க தம்பி, சாயம் கீயம் இல்ல." பேப்பர்ல செவப்பு ஒட்டத்தான் செஞ்சது. தர்பூசணிச் சாறு வேற எப்படி இருக்கும்? பாத்தவங்க நடையைக் கட்டினாங்க. எங்கம்மாவும்தான். பக்கத்துக் கடையில எனக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு பாட்டில் ஆரஞ்சுக் கலர்! (அதுல எந்தச் சாயம்னு யாரு ஒத்திப் பாத்தா?)

இது ஏதோ வாட்ஸப் வதந்தின்னு நெனச்சுடாதீங்க மக்களே. சென்னையில உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருத்தரே வீடியோவுல செஞ்சு காட்டின சோதனை. வியாபாரம் படுத்துச்சு, விவசாயிங்க கொதிச்சாங்க. அப்புறம், சாயம் ஏத்தின பழம் எதுவும் பிடிபடலைன்னு சாவகாசமா ஒரு விளக்கம். ஏப்ரல்ல அதிகாரியை மாத்திட்டாங்க. அந்த அக்காவோட சீசனை யாரு மாத்தித் தருவா?

அப்ப எச்சரிக்கையே வேணாமாங்கிறீங்களா? வேணும் சாமி. மாம்பழத்துக்கு வைக்கிற கார்பைட் கல் நிஜமான ஆபத்துதான். ஈரம் பட்டா அசிட்டிலின் வாயு வரும், கூடவே கொஞ்சம் ஆர்செனிக், பாஸ்பரஸ் கசடும் வரும். அதனாலதான் தடை. ஆனா ரெய்டுச் செய்தியில நாம படிக்கிறது என்ன? எத்தனை டன் அழிச்சாங்க, அவ்ளோதான். எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் வரைக்கும் பயன்படுத்த 2016லேயே அனுமதி இருக்குங்கிறதை யாரும் சொல்றதில்ல. அதனால கல்லு வச்ச பழமும் ஒண்ணு, முறையா கூடத்துல பழுக்க வச்ச பழமும் ஒண்ணு, ரெண்டுமே விஷம்! நத்தத்துல இருந்து ஒழுங்கா காய் கொண்டு வர்றவனும் சேர்ந்து அடி வாங்குறான்.

இந்தக் கோளாறு உலகத்துக்கே பொது. 1980களோட கடைசியில, கனடாவோட வடகோடியில இருக்கிற நுனாவிக்ல, இனுவிட் தாய்மாரோட பால்ல பிசிபிங்கிற தொழிற்சாலை ரசாயனம், தெற்கு கியூபெக் தாய்மாரைவிட அஞ்சு மடங்கு இருந்தது தெரிய வந்தது. எங்கேயோ தெற்குல இருக்கிற ஆலைக்காரன் கக்கினது காத்துலயும் கடல்லயும் போயி, சீல், திமிங்கிலக் கொழுப்பு வழியா அவங்க வயித்துக்குள்ள! செய்தி கேட்டதும் பால் கொடுக்கலாமா, வேட்டைக் கறி தின்னலாமான்னே பயம். விட்டா மிச்சம் இருக்கிறது விமானத்துல வர்ற யானை விலைக் கடைச் சாப்பாடு, சர்க்கரைத் தண்ணி. (நம்ம கலர் பாட்டில் அங்கேயும் உண்டு.)

ஆனா அவங்க அதோட நிக்கல. பாதரசம் பத்தின ஆய்வுக்கு அப்புறம் 2011ல சொன்னதைப் பாருங்க: பிள்ளை பெறும் வயசுப் பெண்கள் பெலுகா திமிங்கிலக் கறியைக் குறைச்சுக்கோங்க, பதிலா ஆர்க்டிக் சார் மீன் சாப்பிடுங்க. யாருக்கு, எதை, பதிலா என்ன, எல்லாம் ரெண்டே வரியில வந்துடுச்சு!

இதே மாதிரி ரெண்டு வரி எழுதி மாட்டுத்தாவணி பழ மார்க்கெட் வாசல்ல ஒரு போர்டு வைங்க. பழத்தை அழிக்கும்போது கூட்டிட்டு வர்ற போட்டோகிராபரை அதுக்கும் கூட்டிட்டு வாங்க.