இருக்குமிடமே பந்தயப் பொருள்!

தாம் இருக்கும் இடத்தைப் பிறருக்கு அறிவிப்பதையே ஒரு விளையாட்டாக்க முடியும் என்று பரவலாக உணர்த்திய செயலி ‘ஃபோர்ஸ்கொயர்’. டென்னிஸ் கிரௌலி, நவீன் செல்வதுரை ஆகிய இருவரும் 2009-இல் அமெரிக்காவில் அதைத் தொடங்கினர். உணவகத்துக்கோ திரையரங்குக்கோ செல்பவர், ‘இங்கே இருக்கிறேன்’ என்று கைப்பேசியில் பதிவு செய்வார்; அதற்குப் பதக்கங்கள் கிடைக்கும். கடந்த 60 நாள்களில் ஓரிடத்துக்கு மிகுதியான நாள்கள் வந்து பதிவு செய்தவருக்கு அவ்விடத்தின் ‘மேயர்’ என்ற பட்டம். வேறொருவர் அவரை விஞ்சினால் பட்டம் பறிபோகும்.

அந்தச் செயலியின் மவுசு குறைந்துவிட்டது. ஆனால், அது வகுத்த விதி இன்று வேறு பல செயலிகளில் வாழ்கிறது. ஓட்டப் பயிற்சி செய்வோரும் மிதிவண்டி ஓட்டுவோரும் பயன்படுத்தும் ‘ஸ்ட்ராவா’, ஒரு பாதையில் 90 நாள்களில் அதிக முறை சென்றவரை அப்பாதையின் நாயகராக அறிவிக்கிறது. ‘ஸ்னாப்சாட்’ 2017 முதல் நண்பர்களின் இருப்பிடத்தை வரைபடத்தில் சிறு கேலிச்சித்திர உருவங்களாகக் காட்டி வருகிறது.

இவற்றின் ஈர்ப்பை அற்பமானது என்று ஒதுக்குவதற்கில்லை. 2016-இல் ‘போக்கிமான் கோ’ வெளியானபோது, அறைக்குள் அடைந்து கிடந்த இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகப் பூங்காக்களுக்கு நடந்தார்கள். முன்பின் அறியாதவர்கள் பேசிப் பழகினார்கள். பக்கத்துத் தெருவில் நண்பர் இருப்பதை அறிந்து சென்று சந்திப்பதும், நேற்றைய ஓட்டத்தைவிட இன்று அதிகமாக ஓடுவதும் நல்லவையே. அயலாரின் முகம் அறியாத பெருநகர வாழ்வில், ‘நானும் இங்கே இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொள்ளும் ஆசை இயல்பானது.

இவ்விளையாட்டுகள் குறித்த எச்சரிக்கைகள் பெரும்பாலும் ஒரு கணத்தைப் பற்றியவை. ‘வெளியே இருக்கிறேன்’ என்று ஊருக்குச் சொல்வது ‘வீடு பூட்டியிருக்கிறது’ என்று திருடனுக்குச் சொல்வதாகும் என்பதை, ‘பிளீஸ் ராப் மி’ என்ற இணையதளம் 2010-இலேயே நையாண்டியாக உணர்த்தியது. 2016-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கொள்ளையர்கள் போக்கிமான் கோ ஆட்டக்காரர்களைக் குறிப்பிட்ட இடங்களுக்கு ஈர்த்து வழிப்பறி செய்ததாகக் காவல் துறை தெரிவித்தது.

ஆயினும், அதைவிடப் பெரிய அபாயம் வேறிடத்தில் இருப்பதாக நான் கருதுகிறேன். இவ்விளையாட்டுகள் பலவும் பரிசளிப்பது ஒழுங்கான வருகைக்கு. ஒரே இடத்துக்கு மீண்டும் மீண்டும் வருபவரே மேயர். ஒரே பாதையில் மீண்டும் மீண்டும் ஓடுபவரே நாயகர். தீங்கு செய்ய நினைப்பவனுக்குத் தேவைப்படுவதும் அதுதான். நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பதைவிட, நாளை காலை 6 மணிக்கு எங்கே இருப்பீர்கள் என்பதே அவனுக்குப் பயன்படும்.

2023 ஜூலையில் ரஷியாவின் கிராஸ்னதார் நகரப் பூங்காவில், நீர்மூழ்கிக் கப்பலின் முன்னாள் தளபதி ஒருவர் ஓட்டப் பயிற்சியின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வழக்கமாக ஓடும் பாதைகள் ஸ்ட்ராவாவில் எவரும் காணும்படி இருந்தன. கொலையாளி அவற்றைப் பார்த்திருக்கக்கூடும் என்று செய்திகள் வெளியாகின. அதே செயலியின் உலக வரைபடம், ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் இருந்த ராணுவ முகாம்களின் உள்வழிகளைக் காட்டிக்கொடுத்தது 2018-இல் தெரியவந்தது. தலைவர்களின் மெய்க்காவலர்கள் பதிவு செய்த ஓட்டங்களிலிருந்து அத்தலைவர்கள் செல்லும் இடங்களை அறிய முடிவதை, பிரான்ஸின் ‘லு மோந்த்’ நாளிதழ் 2024-இல் அம்பலப்படுத்தியது.

பாதுகாப்பையே தொழிலாகக் கொண்டவர்களின் நிலை இதுவென்றால், பிரிந்துபோன கணவனால் துரத்தப்படும் பெண்ணின் நிலை என்ன? விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவியின் நிலை என்ன? 2012-இல் ‘கேர்ள்ஸ் அரவுண்ட் மி’ என்ற செயலி, ஃபோர்ஸ்கொயர் பதிவுகளையும் முகநூல் பக்கங்களையும் இணைத்து, அருகிலுள்ள பெண்களைப் படத்துடன் வரைபடத்தில் காட்டியது. எதிர்ப்பு எழுந்ததும் ஃபோர்ஸ்கொயர் அதற்குத் தரவு வழங்குவதை நிறுத்தியது. அங்கே யாரும் எதையும் திருடவில்லை. எல்லாமே பொதுவில் பகிரப்பட்டிருந்தவை.

பெயரை மறைத்துவிட்டால் போதும் என்பதும் மெய்யன்று. 15 லட்சம் பேரின் 15 மாதக் கைப்பேசித் தரவுகளைக் கொண்டு 2013-இல் வெளியான ஆய்வு, நான்கே இட-நேரப் பதிவுகள் இருந்தால் அவர்களில் 95 சதவீதத்தினரைத் தனித்துப் பிரித்தறிய முடியும் என்று காட்டியது. வீடு, அலுவலகம், கோயில், உடற்பயிற்சிக் கூடம் என நான்கு இடங்களுக்கு மேல் செல்லாதவர் யார்?

‘விருப்பமில்லாதவர் பகிராமல் இருக்கலாமே’ என்ற வாதம் எழும். வீட்டின் சுற்றுப்புறத்தை மறைக்க ஸ்ட்ராவாவில் வசதி உண்டு. வரைபடத்திலிருந்து மறைந்துகொள்ள ஸ்னாப்சாட்டில் வழி உண்டு. ஆனால், தம் ஓட்டத்தைத் தமக்கு மட்டும் என வைத்துக்கொள்பவர் ஸ்ட்ராவாவின் தரவரிசைப் பட்டியலில் இடம்பெற மாட்டார். பாதுகாப்பைத் தேர்ந்தெடுப்பவர் ஆட்டத்தில் தோற்பார் என்பதே விதி. இதைத் தனிமனிதரின் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியுமா?

ஜாமீனில் வருபவர் தாம் இருக்கும் இடத்தைக் கூகுள் வரைபடத்தின் வழியே புலனாய்வு அதிகாரிக்குத் தெரியப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும் என நிபந்தனை விதிக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் நமது உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓயாத கண்காணிப்பு, அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு காக்கும் அந்தரங்க உரிமையை மீறும் என்பதே காரணம். குற்றஞ்சாட்டப்பட்டவரிடமிருந்துகூட அரசு கேட்டுப் பெற முடியாத ஒன்றை, நாம் ஒரு பதக்கத்துக்காகக் கேளாமலே தருகிறோம்.

2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டோரின் நடவடிக்கைகளைத் தொடர்ந்து கண்காணிப்பதைத் தடை செய்கிறது, இது வரவேற்கத்தக்கது. வயது வந்தோரைப் பொருத்தவரை, அச்சட்டம் பெரிதும் ஒப்புதலையே நம்பியிருக்கிறது. விளையாட்டோ ஒப்புதலை எளிதில் வாங்கித்தரும் கருவி. ஆகவே, விதிகளின் வடிவமைப்பையே ஒழுங்குபடுத்த வேண்டும். இருப்பிடம் சில மணி நேரம் தாமதித்தே பிறருக்குத் தெரிய வேண்டும். பகிர்வு தானாகவே காலாவதியாக வேண்டும். வெற்றி பெற்றவரின் பெயர் அவர் தேர்ந்தெடுத்த நண்பர்களுக்கு மட்டுமே தெரிய வேண்டும். திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வருவதைவிட, புதிய இடங்களைக் காண்பதற்குப் பரிசளிக்கலாம். இவற்றால் ஆட்டத்தின் சுவை குறைந்துவிடாது.

அதுவரை நம் கையில் இருப்பவை எளிய வழிகள். இடத்தைவிட்டு அகன்ற பின் பதிவு செய்யலாம். வீட்டையும், பிள்ளைகளின் பள்ளியையும் ஒருபோதும் பதிவு செய்யாதிருக்கலாம். நண்பர் பட்டியலில் உண்மையில் நண்பர்களாக இருப்பவர் எத்தனை பேர் என்று அவ்வப்போது எண்ணிப் பார்க்கலாம். சென்ற இடத்தைச் சொல்வதில் மகிழ்ச்சி உண்டு. செல்லவிருக்கும் நேரத்தையும் இடத்தையும் அந்நியர் கணிக்கும்படி விட்டுவைப்பதில் எந்த வெற்றியும் இல்லை.