பிறர் பசிக்குச் சொல்லும் தவக்குல்

‘படியளப்பவன் அல்லாஹ்’ என்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிவரும் வாக்கியம். மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் மேலப்பாளையத்துத் தாய், கொண்டுபோன கட்டுகளில் ஒரு பங்கைக் கழிவென்று தள்ளிவிட்ட நாளிலும், அதைச் சொல்லிக்கொண்டுதான் உலை வைக்கிறாள். அவள் வாயில் அது ஈமான். அதே வாக்கியத்தை அவளுக்குக் கூலி தரவேண்டியவர் சொன்னால் அதற்கு என்ன பெயர்? அவளுக்குச் சேரவேண்டிய ஜகாத்தைத் தம் கணக்கில் வைத்திருப்பவர் சொன்னால்? அவளுடைய கணவனின் சொத்தில் அவளுக்குரிய பங்கைப் பிரித்துத் தராத கொழுந்தன் சொன்னால்? இக்கட்டுரை இவர்களைப் பற்றியது.

அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் அலுவலக வாசலில் ஒரு கைம்பெண் நிற்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். பிள்ளையின் கல்விக் கட்டணமோ மருந்துச் செலவோ அவள் கையில் ஒரு சீட்டாக இருக்கும். உள்ளேயிருப்பவர் கெட்டவர் அல்லர். தொழுகையாளி, ஹஜ்ஜும் செய்தவர். “பொறுமையா இருங்க லாத்தா, அல்லாஹ் ஒரு வழி காட்டுவான்” என்பார். அவளும் தலையசைத்துவிட்டுப் போவாள். அவர் பொய் சொல்லவில்லை. அல்லாஹ் வழி காட்டுபவன்தான். ஆயினும் அவன் காட்டிய வழி ஒருவேளை அந்த அலுவலகத்தின் இரும்புப் பெட்டியாகவே இருக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு எழவேயில்லை. தன் நெஞ்சுக்குச் சொல்லிக்கொள்ள வேண்டிய ஒரு சொல்லை அவர் அவளுடைய பசிக்குப் பதிலாகக் கொடுத்தனுப்பிவிட்டார்.

இப்படிப் பேசியவர்களைக் குர்ஆன் ஏற்கெனவே அடையாளம் காட்டியிருக்கிறது. அதுவும் நம் வீடுகளில் மிக அதிகமாக ஓதப்படும் யாஸீன் அத்தியாயத்தில். வெள்ளி இரவிலும், மரணப் படுக்கையருகிலும், புதுமனை புகுவிழாவிலும் ஓதுகிறோம். ஓதும் வேகத்தில் 47ஆம் வசனத்தைக் கடந்துவிடுகிறோம். அல்லாஹ் வழங்கியதிலிருந்து செலவிடுங்கள் என்று சொல்லப்பட்டபோது, அவன் நாடியிருந்தால் அவனே உணவளித்திருக்கக்கூடியவர்களுக்கு நாங்கள் ஏன் உணவளிக்க வேண்டும் என்று கேட்டார்களே, அவர்கள் யார்? நிராகரித்தவர்கள் என்றே வசனம் கூறுகிறது. அவர்களுடைய வாதத்தைக் கூர்ந்து நோக்குங்கள். உணவளிப்பவன் அல்லாஹ் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. அதை ஒப்புக்கொண்டு, அந்த ஒப்புதலையே கையை மூடிக்கொள்வதற்கான காரணமாக்கினார்கள். வார்த்தை தவக்குலின் வார்த்தை. நிராகரிப்போரின் பேச்சு என்பது அதற்கு அங்கே கிடைத்த பெயர்.

தவக்குலைப் பற்றி நாம் மேற்கோள் காட்டும் வசனங்கள் பலவற்றுக்கும் ஓர் அண்டை வசனம் உண்டு. அதை நாம் வாசிப்பதில்லை. உங்கள் வாழ்வாதாரம் வானத்தில் இருக்கிறது என்று கூறும் அத்தாரியாத் அத்தியாயத்தின் 22ஆம் வசனம் கடைச் சுவர்களிலும் நாள்காட்டிகளிலும் தொங்குகிறது. அதற்கு மூன்று வசனங்கள் முன்னால், 19ஆம் வசனத்தில், இறையச்சமுடையோரின் செல்வத்தில் யாசிப்போருக்கும் வறியோருக்கும் உரிமை உண்டு என்று இருக்கிறது. ‘ஹக்’ என்ற சொல்லே அங்கு ஆளப்பட்டுள்ளது. ஆகவே கேட்டு வந்தவள் தயவை நாடி வந்தவள் அல்லள். தனக்குரியதைக் கேட்டு வந்தவள்.

இன்னும் வலிக்கும் எடுத்துக்காட்டு அத்தலாக் அத்தியாயத்தில் இருக்கிறது. அல்லாஹ்வை அஞ்சுவோருக்கு அவன் ஒரு வழியை உண்டாக்குவான், எண்ணிப் பாராத புறத்திலிருந்து வாழ்வாதாரம் அளிப்பான், அவனைச் சார்ந்திருப்போருக்கு அவனே போதுமானவன் என்று கூறும் 2, 3ஆம் வசனங்களை அறியாத முஸ்லிம் இல்லை. தொழில் நலிந்தவருக்கும் வேலை தேடுவோருக்கும் இவற்றைத்தான் சொல்கிறோம்; சொல்லவும் வேண்டும். ஆனால் இவ்வசனங்கள் எந்த இடத்தில் வருகின்றன? அத்தியாயத்தின் பெயரே சொல்கிறது. தலாக், இத்தா, சாட்சிகள் ஆகியவற்றின் சட்டங்களுக்கு நடுவே வருகின்றன. ஒரு குடும்பம் பிரிந்துகொண்டிருக்கும் நேரத்தில், கை ஓங்கியிருப்பவன் அநியாயம் செய்துவிடக்கூடாது என்ற எச்சரிக்கைகளின் ஊடே அந்த வாக்குறுதி நிற்கிறது. அது அங்கேயே நின்றுவிடவுமில்லை. இத்தாவிலிருக்கும் பெண்ணை உங்கள் வசதிக்கேற்ப நீங்கள் குடியிருக்கும் இடத்தில் குடியமர்த்துங்கள், அவளை நெருக்கடிக்கு உள்ளாக்கித் துன்புறுத்தாதீர்கள், கருவுற்றிருந்தால் பிரசவம் வரை செலவு செய்யுங்கள், குழந்தைக்குப் பாலூட்டினால் அதற்கான கூலியைக் கொடுங்கள் என்று 6ஆம் வசனம் தொடர்கிறது. வசதியுள்ளவன் வசதிக்கேற்பச் செலவிடட்டும், வாழ்வாதாரம் சுருங்கியவனும் தனக்குக் கிடைத்ததிலிருந்து செலவிடட்டும் என்று 7ஆம் வசனம் எவருக்கும் தப்பிக்க இடம் வைக்காமல் முடிக்கிறது. நம் பஞ்சாயத்துகளில் நடப்பது என்ன? மணவிலக்குப் பெற்ற பெண்ணுக்கு 3ஆம் வசனம் சொல்லி ஆறுதல் கூறுகிறார்கள். அவளுடைய கணவனுக்கு 6ஆம் வசனத்தைச் சொல்ல எவருக்கும் நா எழுவதில்லை. ஒரே அத்தியாயத்தில் இருக்கும் வசனங்கள் இவை.

“இப்படியே பேசினால் உழைக்காமல் கையேந்தும் கூட்டம்தான் பெருகும்” என்று சிலர் சொல்வார்கள். காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பி மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்பும் பறவைகளைப் பற்றிய நபிமொழியை (திர்மிதி, இப்னுமாஜா) எடுத்துக் காட்டி, பறவை கூட்டை விட்டுக் கிளம்புகிறதல்லவா என்று கேட்பார்கள். சரியான கேள்வி. அந்த நபிமொழி சோம்பேறிக்குச் சான்றாகாது. அத்துடன் கோடரி நிகழ்ச்சியையும் சேர்த்துச் சொல்வார்கள்: யாசித்து வந்த அன்ஸாரித் தோழரை நபி (ஸல்) அவர்கள் விறகு வெட்ட அனுப்பினார்கள் என்று. அபூதாவூதில் பதிவாகியுள்ள அச்செய்தியின் அறிவிப்பாளர் தொடர் பற்றி அறிஞர்களிடையே பேச்சு உண்டு; எனினும் மேடைகளில் ஓயாமல் சொல்லப்படுவதால் அதை முழுமையாகவே சொல்லிவிடுவோம்.

அவருடைய வீட்டில் இருந்தவை ஒரு கம்பளித் துணியும் ஒரு குடிகலமும் மட்டுமே. அவற்றை வரவழைத்து நபியவர்களே ஏலம் விட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் கேட்டார். அதிகம் தருவோர் உண்டா என்று மீண்டும் மீண்டும் கேட்டு இரண்டு திர்ஹமுக்கு விற்றார்கள். முதல் திர்ஹமுக்குக் குடும்பத்துக்கு உணவு வாங்கிக் கொடுக்கச் சொன்னார்கள். இரண்டாவதற்குக் கோடரி வாங்கி வரச்செய்து, அதற்குத் தம் கையாலேயே காம்பு பொருத்திக் கொடுத்தார்கள். பதினைந்து நாள் என் கண்ணில் படாதீர் என்று சொன்னது அதற்கெல்லாம் பிறகுதான். பசி முதலில் தீர்ந்தது, பொருளுக்கு நல்ல விலை கிடைத்தது, கருவி கைக்கு வந்தது. அதன்பின் உழைக்கச் சொன்னார்கள். நம்மவர் இதில் கடைசி வரியை மட்டும் மனனம் செய்துகொண்டார்கள். காம்பு பொருத்தும் வேலையை யார் செய்வது?

உழைக்கிறவர்களின் நிலையாவது மேலா என்றால், அதுவும் இல்லை. மத்யனுக்கு ஓடிவந்த மூஸா (அலை) அவர்களை நினைத்துப் பாருங்கள். ஊரும் உறவும் இல்லை. இரண்டு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துவிட்டு நிழலில் ஒதுங்கி, இறைவா, நீ எனக்கு இறக்கும் எந்த நன்மைக்கும் நான் தேவையுடையவன் என்று மன்றாடினார்கள். தவக்குலின் உச்சம் என்று இந்த துஆவை நாம் மனனம் செய்கிறோம். அதற்குக் கிடைத்த பதில் அடுத்த வசனத்திலேயே (28:25) இருக்கிறது. அப்பெண்களுள் ஒருத்தி நாணத்தோடு நடந்து வந்து, நீங்கள் தண்ணீர் இறைத்துக் கொடுத்ததற்கான கூலியைத் தர என் தந்தை உங்களை அழைக்கிறார் என்றாள். வானத்திலிருந்து தட்டு இறங்கவில்லை. கேட்காமலே கூலி வந்தது. பிறகு எட்டு ஆண்டு வேலை, விருப்பமிருந்தால் பத்து ஆண்டு என்று காலவரையறை பேசிய அப்பெரியவர், உம்மைச் சிரமப்படுத்த நான் விரும்பவில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். வேலை கொடுப்போர் சங்கங்களில் இந்த வரியைப் பயான் செய்தவர் எவரையும் நான் கேட்டதில்லை. வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறும் செய்தி புகாரியில் இருக்கிறது. அதையும் தொழிலாளிகள் மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

வட்டிக்கு வருவோம். இங்குதான் தவக்குலின் பெயரால் மிகக் கடுமையான சொற்கள் ஏழைகள் மீது வீசப்படுகின்றன. நம் தெருக்களில் குழுக் கடன் நுழைந்து ஆண்டுகள் பலவாகிவிட்டன. பெண்கள் குழுவாகக் கையெழுத்திடுகிறார்கள், வாரந்தோறும் தவணை, ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் சேர்ந்து கட்டவேண்டும். அதனால் தவணை நாளன்று அடுத்த வீட்டுக்காரியே கடன்காரியாகி வாசலில் நிற்கிறாள். மறுபுறம் நகைக் கடன். மஹராகக் கிடைத்த இரண்டு வளையலும் அடகுக் கடையில். “அல்லாஹ்வின் மீது நம்பிக்கை இருந்தால் வட்டிக்குப் போவார்களா?” என்று மிம்பரிலிருந்து கேள்வி வருகிறது. வட்டி ஹராம் என்பதில் ஐயமில்லை. வாங்குவதும் கொடுப்பதும் இரண்டும் பாவம். அதைச் சொல்லாத மிம்பர் மிம்பரே அன்று.

எனினும், வட்டியை விடாதவர்களோடு அல்லாஹ்வும் தூதரும் போர் தொடுப்பதாக அறிவிக்கும் 2:279ஆம் வசனத்தின் முகவரி எது? மிச்சமுள்ள வட்டியை வசூலிக்க நிற்பவன்தான். அடுத்த வசனம் கடன்பட்டவனைப் பற்றிப் பேசும்போது தொனி மாறிவிடுகிறது: அவன் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், தர்மமாக விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது. நம் மேடைகளில் போர் அறிவிப்பு கடன் வாங்கியவளுக்குப் போய்ச் சேருகிறது. ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் (9:60) கடன்பட்டோர் ஒரு வகையினர். ரமளான் இருபத்தேழாம் இரவுக்கு முன் வாசலில் வரிசை நிறுத்திச் சேலையும் சில்லறை நோட்டும் கொடுப்பவர்களில் எத்தனை பேர், இந்தத் தெருவில் வட்டிக் கடனில் சிக்கியவர் யார், அவருடைய அசல் எவ்வளவு என்று கேட்டிருப்பார்கள்? நூறு பேருக்குச் சேலை கொடுக்கும் பணத்தில் சிலருடைய அடகு நகை மீண்டுவிடும். வரிசை இருக்காது, புகைப்படமும் இருக்காது. அதுதான் தடையோ என்னவோ.

ஹராமின் கதவை மூடச் சொல்பவர் ஹலாலின் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ‘கர்ளன் ஹஸனா’ என்னும் அழகிய கடனுக்குப் பெரிய முதல் தேவையில்லை. வட்டியில்லாமல் கொடுத்து, சிறு தவணைகளாகத் திரும்பப் பெற்று, அடுத்தவருக்குக் கொடுக்கலாம். பைத்துல்மால் அமைத்து இதை நேர்த்தியாக நடத்தும் ஊர்கள் தமிழகத்திலேயே இருக்கின்றன. அவ்வூர்களைப் பற்றிச் சொன்னால், “அங்கே பணக்காரர்கள் அதிகம்” என்று பதில் வரும். பளிங்குக் கல் பதிக்கவும் குளிர்சாதனம் பொருத்தவும் பணம் வந்த ஊரிலிருந்துதான் இந்தப் பதிலும் வருகிறது.

கடைசியாக ஓர் ஆட்சேபம்; இது நல்ல மனத்தோடு சொல்லப்படுவது. மனிதர்களின் கடமையை இவ்வளவு பேசினால், பூமியிலுள்ள ஒவ்வோர் உயிரின் உணவும் அல்லாஹ்வின் பொறுப்பு (11:6) என்ற நம்பிக்கை தளர்ந்துவிடாதா என்கிறார்கள். அந்த நம்பிக்கையில் உமர் (ரலி) அவர்களைவிட நாம் உறுதியானவர்கள் அல்லர். ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில் அரபு மண்ணைப் பஞ்சம் வாட்டியது. ‘சாம்பல் ஆண்டு’ என்றே அதற்குப் பெயர். உமர் அவர்கள் மழை வேண்டி மக்களைத் திரட்டினார்கள். நபியவர்களின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களை முன்னிறுத்தி துஆச் செய்ததைப் புகாரி பதிவு செய்கிறது. அதே நாள்களில் வெளி மாநிலங்களின் ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதி ஒட்டக அணிகளில் தானியம் வரவழைத்தார்கள். மக்களுக்குக் கிடைக்காத நெய்யைத் தாமும் தொடாமல், மேனி கறுத்துப்போகும்வரை எண்ணெயையே உண்டார்கள். மதீனாவின் புறத்தே வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பிள்ளைகளைத் தூங்கவைத்துக்கொண்டிருந்த பெண்ணை ஓர் இரவில் கண்டபோது, பொறுமையாக இரு என்று சொல்லவில்லை. கிடங்குக்கு விரைந்து மாவு மூட்டையைத் தம் முதுகில் ஏற்றச் சொன்னார்கள். நான் சுமக்கிறேன் என்ற பணியாளர் அஸ்லமிடம், மறுமையில் என் சுமையையும் நீ சுமப்பாயா என்று கேட்டார்கள். பிறகு உட்கார்ந்து அடுப்பை ஊதிச் சமைத்தும் கொடுத்தார்கள். இதனால் அவர்களுடைய தவக்குல் குறைந்துவிட்டதென்று எவரேனும் சொல்வார்களா?

அல்லாஹ் படியளப்பவன், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் படியைச் சில மனிதர்களின் கையில் கொடுத்து வைத்திருக்கிறான். அளவில் குறைப்போருக்குக் கேடு என்றுதான் 83ஆம் அத்தியாயம் தொடங்குகிறது.

ரமளானுக்குப் பிறகு பல மஹல்லாக்களில் ஆண்டுக் கூட்டம் நடக்கும், வரவு செலவு வாசிக்கப்படும். கடன்பட்டோருக்கென்று அதில் ஒரு தலைப்பு இருக்கிறதா, இருந்தால் அதன் எதிரே என்ன தொகை இருக்கிறது என்று எழுந்து கேளுங்கள். அப்படியே இமாமுக்கும் மோதினாருக்கும் மாதம் என்ன கொடுக்கப்படுகிறது, எந்தத் தேதியில் கொடுக்கப்படுகிறது என்பதையும் கேளுங்கள். ஐந்து வேளையும் நம்மைத் தொழுகைக்கு அழைப்பவர் மளிகைக் கடையில் கடன் சொல்லி வாங்குகிறார். சம்பளத்தைக் கூட்டிக் கேட்டால், “ஹஸ்ரத், நீங்களே தவக்குல் இல்லாமப் பேசலாமா?” என்று அவருக்கும் அதே பதில்தான் கிடைக்கிறது.